மறு அறிவிப்பு வரும் வரை: மூளைக்கட்டி, மருந்து, சில புத்தகங்கள்

கல்லூரி இரண்டாம் வருஷம் ஜான் குந்தரின் 'டெத் பி நாட் ப்ரௌட்' படித்துவிட்டு ஹாஸ்டல் மொட்டைமாடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். பழைய புத்தகக் கடையில் முப்பது ரூபாய்க்கு வாங்கிய பிரதி. மூளைக்கட்டியால் பதினேழு வயதில் செத்துப்போன மகனைப் பற்றி அப்பா எழுதிய புத்தகம், அழாமல் எப்படிப் படிப்பது? அப்புறம் பல வருஷம் கழித்து என் சித்தப்பாவுக்கு கிளியோபிளாஸ்டோமா என்று பயாப்ஸி ரிப்போர்ட் வந்த வாரம், அதே பிரதியைப் பரணிலிருந்து தேடி எடுத்தேன். இந்த முறை பாதியைத் தாண்ட முடியவில்லை. அழுகையும் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

நம் வீட்டில் நடக்காதவரை ஒரு புத்தகம் ஒரு மாதிரி, நடந்த பிறகு வேறு மாதிரி என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஏனென்றால் அதே மாதங்களில் மரியன் கூட்ஸின் 'தி ஐஸ்பெர்க்' புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். அதிலும் சாவுதான், அதே வியாதிதான். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவின் பிளாஸ்டிக் நாற்காலியில் கூட அதை வைத்துப் படிக்க முடிந்தது. அப்படியானால் வித்தியாசம் புத்தகங்களுக்குள்தான் எங்கோ இருக்கிறது. மருந்தை அவை எப்படி நடத்துகின்றன என்பதில் அது இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

குந்தரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 'இன்சைட் யூரோப்' எழுதி உலகப் புகழ் பெற்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அவர். நாடு நாடாகப் போய், அதிகாரத்தில் இருப்பவர்களைச் சந்தித்து, உள்விவகாரங்களைத் தோண்டி எடுப்பது அவர் தொழில். 1946 வசந்தத்தில் மகன் ஜானி மாசசூசெட்ஸில் டீர்ஃபீல்ட் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போது கட்டி கண்டுபிடிக்கப்படுகிறது. நியூயார்க்கில் ட்ரேசி பட்னம் என்ற பெரிய நரம்பியல் அறுவை மருத்துவர் மண்டையைத் திறக்கிறார். முழுசாக எடுக்க முடியவில்லை. அந்த நாளிலிருந்து அப்பா தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்கிறார்: செய்தி சேகரிக்கிறார். எந்த ஊரில் எந்த டாக்டர், எந்த ஆய்வகத்தில் எந்த மருந்து, யாருக்கு போன் போட்டால் யார் கிடைப்பார். புத்தகத்தின் முதல் பெரும்பகுதி ஒரு துப்பறியும் கதையின் வேகத்தில் ஓடுகிறது. பத்தொன்பது வயதில் நான் மூச்சுவிடாமல் படித்ததற்கு அந்த வேகம்தான் காரணம். இரண்டாம் முறை மூடி வைத்ததற்கும் அதுவேதான் காரணம்.

அந்தத் தேடலில் ஒரு மருந்து வருகிறது: நைட்ரஜன் மஸ்டர்ட். முதல் உலகப்போரின் மஸ்டர்ட் கேஸுக்கு நெருங்கிய உறவினன். 1942இல் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மனும் ஆல்ஃபிரட் கில்மனும் இதை நிணநீர்ப் புற்றுநோய் உள்ள ஒருவருக்குச் செலுத்திப் பார்த்தார்கள். போர் ரகசியம் என்பதால் வெளியே சொல்லவில்லை. 1943 டிசம்பரில் இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டபோது, மஸ்டர்ட் குண்டுகளை ரகசியமாக ஏற்றிவந்திருந்த அமெரிக்கக் கப்பல் ஒன்று வெடித்தது. செத்தவர்களின் உடல்களைப் பரிசோதித்தபோது வெள்ளையணுக்கள் அழிந்திருந்தன. இந்த விஷம் வேகமாகப் பெருகும் செல்களைக் குறிவைக்கிறது என்பதற்கு அது இன்னொரு சாட்சி. 1946இல்தான் ரகசியம் நீங்கி யேல் ஆய்வு வெளிவந்தது. அதே வருஷம் ஜானியின் நரம்பில் அந்த மருந்து ஏறுகிறது. கீமோதெரபி என்ற துறை பிறந்த கையோடு ஒரு பள்ளி மாணவன் அதன் முன் கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறான். அவனே வேதியியல் பைத்தியம் வேறு.

இது எவ்வளவு பெரிய காட்சி! ஆனால் குந்தர் இதைக் கடந்து போகிறார். போகத்தான் செய்வார், அவர் வரலாறு எழுதவில்லை, மகனைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருக்கிறார். மஸ்டர்டுக்கு அடுத்து மேக்ஸ் கெர்சனின் உணவு முறை வருகிறது. உப்பு கிடையாது, கொழுப்பு கிடையாது, பழச்சாறும் எனிமாவும். ரேடியேஷன், மஸ்டர்ட், கெர்சன் மூன்றும் சில மாத இடைவெளிக்குள் அடுத்தடுத்து வந்ததால், நடுவில் பையனுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தபோது எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. புத்தகமும் சொல்லவில்லை. அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். எனக்குத் தொண்டையில் சிக்குவது வேறு. அந்தப் பக்கங்களில் ஒவ்வொரு மருந்தும் ஒரே வேஷத்தில், ஒரே வாசல் வழியாக வருகிறது. 'இதுதானோ?' என்ற கேள்வியோடு வருகிறது, 'இல்லை' என்ற பதிலோடு போகிறது. போர்க்கால வேதியியலும் பழச்சாறும் கதைக்குள் சமம். வாசகனுக்கு அது சஸ்பென்ஸ். வீட்டில் நோயாளியை வைத்திருப்பவனுக்கு அது விஷம். ஏனென்றால் அந்தக் கதை ஏற்கெனவே நம் ஃபோனுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. சித்தப்பாவின் பயாப்ஸி வந்த மூன்றே நாளில் குடும்ப வாட்ஸப்பில் முள்சீத்தா இலை, மஞ்சள், கோதுமைப்புல் சாறு, கேரளாவில் ஒரு வைத்தியர், ஜெர்மனியில் ஒரு ஊசி எல்லாம் வந்துவிட்டன. எல்லாம் ஒரே எழுத்துருவில், ஒரே கூப்பிய கை எமோஜியுடன்.

சும்மா சொல்லக்கூடாது, புத்தகத்தின் கடைசிப் பகுதி வேறு தரம். ஜானியின் கடிதங்களும் டைரிக் குறிப்புகளும் அங்கே இருக்கின்றன. அம்மா ஃபிரான்ஸஸ் எழுதிய சில பக்கங்களும் இருக்கின்றன. அப்பாவின் ஓட்டம் நின்றதும் பையன் தெரிய ஆரம்பிக்கிறான். விட்டுப்போன பாடங்களைப் படிக்கிறான், பரீட்சையைப் பற்றிக் கவலைப்படுகிறான். 1947 ஜூன் மாதம் தலையில் கட்டோடு பள்ளிப் பட்டமளிப்பில் நடந்து போய்ச் சான்றிதழ் வாங்குகிறான், அதே மாதம் 30ஆம் தேதி செத்துப்போகிறான். அந்தப் பதினான்கு மாதத்தை அவன் எப்படி உபயோகித்தான் என்பதுதான் உண்மையில் புத்தகம். அப்பா அதைக் கண்டுபிடித்ததே எல்லாம் முடிந்த பிறகுதான் என்று தோன்றுகிறது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கிளைக்கதை. ஜானிக்காக ஆலோசனை கேட்கப்பட்டவர்களில் மான்ட்ரியாலின் வைல்டர் பென்ஃபீல்டும் ஒருவர். அவரிடம் அதே நாற்பதுகளில் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டிதான் 1949இல் வேலூர் சிஎம்சியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். குந்தரின் புத்தகம் வெளியானதும் 1949. அந்த நியூயார்க் வார்டிலிருந்து நம் ஊருக்கு ஒரே ஒரு கை தூரம்தான் என்பது எனக்கு என்னமோ ஆச்சரியமாகவே இருக்கிறது.

நம் பக்கத்து வியாதிக் கதைகளுக்கும் இதே வியாதி உண்டு. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் ஒரு ஆஸ்பத்திரிக்குள்ளேயே முழுப் படத்தையும் எடுத்த ஸ்ரீதரின் துணிச்சலை இன்றும் மெச்சலாம். ஆனால் அங்கே எல்லாம் ஒரு ஆபரேஷனில் முடிகிறது. விளக்கு எரிகிறது, விளக்கு அணைகிறது, டாக்டர் வெளியே வருகிறார். நம் மனதில் மருத்துவத்தின் வடிவமே அதுதான். பிழைத்தார் அல்லது செத்தார். இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் ஒரு மாத்திரைக்கு அந்த வடிவத்தில் இடமே கிடையாது.

அந்த மாத்திரையின் பெயர் டெமோசோலமைட். சித்தப்பா புண்ணியத்தில் எனக்கு அதன் பூர்வோத்திரம் எல்லாம் அத்துப்படி. மூளைக்கு மருந்து கொடுப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதிலிருந்து அந்தக் கதை ஆரம்பிக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். உடம்பு முழுக்கச் சாயம் பிடித்தது, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர்கள் அவ்வளவு இறுக்கமானவை. வெளியிலிருந்து வரும் எதையும் சுலபத்தில் உள்ளே விடாது. நம்மைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு, கட்டி வந்த பிறகு கட்டியைக் காப்பாற்றுகிறது. புற்றுநோய்க்கு என்று உண்டான மருந்துகளில் பெரும்பாலானவை அந்த வாசலிலேயே நின்றுவிடும். 1980களில் இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் மால்கம் ஸ்டீவன்ஸ் குழுவினர் உருவாக்கிய டெமோசோலமைட் அந்த வாசலைத் தாண்டும் அளவுக்குச் சின்ன மூலக்கூறு. அதற்கு முன் அவர்கள் செய்த மைட்டோசோலமைட் என்ற மருந்து ரத்த அணுக்களைக் கடுமையாகப் பாதித்ததால் கைவிடப்பட்டது. அதன் சாதுவான தம்பி இது. உடம்புக்குள் போனதும் தானாக உடைந்து, செல்லின் டிஎன்ஏ மேல் ஒரு சின்ன மெதில் குழுவை ஒட்டிவைக்கிறது. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். அவ்வளவுதான் ஆயுதம். பிரியும்போது செல் அந்த ஒட்டில் தடுக்கி விழுந்து சாகவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் செல்லுக்குள் எம்ஜிஎம்டி என்று ஒரு பழுதுபார்க்கும் புரதம் இருக்கிறது, அது ஒட்டியதைப் பிடுங்கி எறிந்துவிடும். சிலருடைய கட்டியில் அந்தப் புரதத்துக்கான மரபணு மூடிக்கிடக்கும். அவர்களுக்கு மருந்து நன்றாக வேலை செய்யும். அந்த மரபணுவை மூடிவைப்பதும் மெதில் குழுக்கள்தான் என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த திருப்பம்.

வீட்டில் இது எப்படி நடக்கும் என்றால், ஒன்றுமே நடக்காது. முதல் ஆறு வாரம் ரேடியேஷனோடு தினமும் மாத்திரை. ஒரு மாதம் ஓய்வு. பிறகு ஐந்து நாள் மாத்திரை, இருபத்து மூன்று நாள் சும்மா, மறுபடி ஐந்து நாள். ராத்திரி வெறும் வயிற்றில் போடவேண்டும், அதற்கு முன் வாந்தி வராமல் இருக்க ஒரு மாத்திரை. மூன்றாவது வாரம் ரத்தப் பரிசோதனை, பிளேட்லெட் பார்க்க. மூளை வீக்கத்துக்கு டெக்சாமெதசோன். அது ராட்சசப் பசியைக் கொடுத்துத் தூக்கத்தைப் பிடுங்கிக்கொள்ளும், மூஞ்சி உப்பிவிடும். சித்தப்பா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சமையலறையில் லைட் போட்டு பழைய சோறு சாப்பிடுவார். சித்தி பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இதை எப்படிக் கதையாக்குவது? இதில் திருப்பம் இல்லை, உச்சம் இல்லை. இப்படி ஒரு காலத்தை எழுதத் தெரிந்தவர்தான் இந்த வியாதியை எழுதத் தெரிந்தவர் என்பது என் கட்சி.

டெமோசோலமைட்டைப் பற்றி எழுதப்பட்டதிலேயே முக்கியமான பிரதி, இலக்கியம் இல்லை. 2005 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ரோஜர் ஸ்டுப் குழுவினர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை. அதையும் ஒரு பிரதியாகவே படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். 85 மையங்கள், 573 நோயாளிகள். 286 பேருக்கு ரேடியேஷன் மட்டும், 287 பேருக்கு ரேடியேஷனும் மாத்திரையும். முதல் குழுவின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம், இரண்டாவதில் 14.6 மாதம். வித்தியாசம் இரண்டரை மாதம். முதன்முதலில் படித்தபோது ஃபோனைத் தூக்கிப் போடத் தோன்றியது. உலகம் முழுக்க இதையா நிலையான சிகிச்சை என்கிறார்கள்? மறுநாள் திரும்பப் படித்தேன். இரண்டு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் குழுவில் 10.4 சதவீதம், இரண்டாவதில் 26.5. ஐந்து வருஷக் கணக்கு 2009இல் வந்தது. 1.9 சதவீதம் 9.8 ஆகியிருந்தது. அதே ஆய்வில் கட்டியைச் சோதிக்க முடிந்த 206 பேரில், பழுதுபார்க்கும் மரபணு மூடிக்கிடந்தவர்களுக்கு மாத்திரையோடு இடைநிலை 21.7 மாதம். திறந்து கிடந்தவர்களுக்கு 12.7. 'இரண்டரை மாதம்' என்ற எண் இப்படி யாருக்குமே பொருந்தாத ஒரு நடுவிடமாக மாறிவிடுகிறது. சிலருக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை, சிலருக்கு ஒரு குழந்தையைப் பள்ளியில் சேர்க்கிற அளவு காலம்.

இடைநிலையைப் பற்றிப் பேசினால் ஸ்டீவன் ஜே கூல்டை யாராவது நீட்டிவிடுவார்கள். 1985இல் அவர் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று சொல்லப்பட்ட மீசோதீலியோமா அவருக்கு வந்தது. பாதிப் பேர் அந்த எட்டு மாதத்துக்கு மேலும் இருப்பார்கள், அவர்களின் வால் எவ்வளவு நீளம் என்பதுதான் கேள்வி என்று வாதிட்டார். நோய் தெரிந்து இருபது வருஷம் வாழ்ந்து காட்டினார், 2002இல் வேறொரு புற்றுநோயில் இறந்தார். அருமையான கட்டுரைதான். ஆனால் மூளைக்கட்டிக்காரர்களின் வீட்டுக்கு அதை அனுப்புகிறவர்களைக் கொஞ்சம் நிதானிக்கச் சொல்வேன். வால் எல்லா வியாதிக்கும் ஒரே நீளமில்லை. இந்த வியாதியின் வால் இருக்கிறது, ஆனால் மெல்லியது. கூல்ட் சொன்ன கணக்கை எடுத்துக்கொண்டு, கூல்டுக்கு வாய்த்த முடிவையும் சேர்த்து எடுத்துக்கொள்வது மோசமான வாசிப்பு.

இவ்வகை ஆய்வுகளில் ஒரு வரைபடம் இருக்கும், கப்ளான்-மையர் வரைபடம் என்று பெயர். 1958இல் எட்வர்ட் கப்ளானும் பால் மையரும் தந்த முறை. இடது மேல்மூலையில் நூறு சதவீதத்தில் ஆரம்பித்துப் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் இறங்கும். ஒவ்வொரு படி இறக்கமும் ஒரு சாவு, சில சமயம் சில சாவு. படிகளுக்கு நடுவே கோட்டின் மேல் சின்னச் சின்னக் குச்சிகள் குத்தியிருக்கும். அவை கடைசியாகப் பார்த்தபோது உயிரோடு இருந்தவர்கள். அதன் பிறகு அவர்களைப் பற்றி ஆய்வுக்குத் தெரியாது. புள்ளியியலில் இதற்குப் பெயர், சொன்னால் நம்பமாட்டீர்கள், சென்சார். செத்தவர்கள் தரவு. உயிரோடிருப்பவர்கள் சென்சார் செய்யப்பட்டவர்கள். முதலில் இது கொடூரமாகப் பட்டது. பிறகு யோசித்தால் இதைவிட நேர்மையான குறி இருக்க முடியாது. இவர் பிழைத்துவிட்டார் என்று அது சொல்லவில்லை. சாகப்போகிறார் என்றும் சொல்லவில்லை. இந்தத் தேதி வரை இருந்தார், அவ்வளவு.

டாம் லப்பாக்கின் புத்தகத் தலைப்பு அந்தக் குச்சிதான். 'அன்டில் ஃபர்தர் நோட்டீஸ், ஐ ஆம் அலைவ்'. மறு அறிவிப்பு வரும் வரை நான் உயிரோடிருக்கிறேன். லண்டனின் 'தி இன்டிபென்டன்ட்' நாளிதழின் தலைமை ஓவிய விமர்சகர் அவர். 2008இல் வலிப்பு வந்து கிளியோபிளாஸ்டோமா என்று தெரிந்தது. கட்டி இருந்த இடம் இடது டெம்போரல் பகுதி, பேச்சும் சொல்லும் குடியிருக்கும் பக்கம். ஓவியத்தைப் பார்த்துச் சொல்லாக்குவதையே பிழைப்பாக வைத்திருந்த மனிதருக்குச் சொல் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போக ஆரம்பித்தது. அவர் அதையே கவனித்துக் குறிப்பெழுதினார். எந்தச் சொல் வரவில்லை, அதற்குப் பதில் எது வந்தது, பேச நினைப்பதற்கும் பேசுவதற்கும் நடுவே என்ன நடக்கிறது என்று. ஒரு ஓவியத்தின் முன் நின்று எழுதுகிற அதே நிதானத்தோடு. 2011 ஜனவரியில் 53 வயதில் இறந்தார். குறிப்புகள் 2012இல் நூலாக வந்தன.

அந்தப் புத்தகத்தில் நான் வியப்பது, மருந்திடம் அவர் எதையும் கெஞ்சுவதில்லை, சபிப்பதுமில்லை. அறுவை, ரேடியேஷன், கீமோ என்று வழக்கமான பாதையில் போகிறார். ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் நடுவே உள்ள வாரங்களை அவர் ஒரு அறை மாதிரி பாவிக்கிறார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கிறார். குந்தருக்கு நேர் எதிர். குந்தர் அறையிலிருந்து அறைக்கு ஓடினார். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். லப்பாக்கின் அமைதி ஓரளவு தொழில்முறை அமைதி, சில இடங்களில் அது வாசகனை வெளியே நிறுத்திவிடுகிறது. தன் மூளையை ஒரு கண்காட்சிப் பொருளாகப் பார்க்கிறவர், அந்த மூளையைச் சுற்றி சமைத்து, துணி துவைத்து, மருந்துக்கு அலாரம் வைக்கிறவர்களை அவ்வளவாகப் பார்ப்பதில்லை.

அவர்களில் ஒருவர்தான் மரியன் கூட்ஸ், அவர் மனைவி. சிற்பமும் வீடியோவும் செய்கிற கலைஞர். 'தி ஐஸ்பெர்க்' 2014இல் வந்தது, அடுத்த வருஷம் வெல்கம் புத்தகப் பரிசு பெற்றது. நோய் தெரியவரும்போது அவர்கள் மகனுக்கு ஒன்றரை வயது இருக்கும். புத்தகத்தில் அவன் பெயர் எவ். அப்பா சொற்களை இழந்துகொண்டிருக்கும் அதே மாதங்களில் மகன் சொற்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். வேறொரு எழுத்தாளர் கையில் கிடைத்திருந்தால் இந்தச் சமச்சீரை வைத்துப் பிழிந்து எடுத்திருப்பார். கூட்ஸ் பிழியவில்லை. சின்னப் பையன் சின்னப் பையனாகவே இருக்கிறான். கத்துகிறான், அடம்பிடிக்கிறான், அவளுடைய கடைசிச் சொட்டுப் பொறுமையையும் குடிக்கிறான். நோயாளியை எல்லாரும் மன்னிப்பார்கள், குழந்தையையும் மன்னிப்பார்கள். இருவருக்கும் நடுவில் நிற்கிறவளுக்கு மட்டும் மன்னிப்பு எந்தப் பக்கத்திலிருந்தும் வராது. அதை இவ்வளவு வெட்கமில்லாமல் எழுதி நான் வேறெங்கும் படித்ததில்லை.

முழுப் புத்தகமும் நிகழ்காலத்தில் ஓடுகிறது. சின்னச் சின்னப் பகுதிகள், நடுநடுவே நண்பர்களுக்கு அனுப்பிய நிலவர மின்னஞ்சல்கள். முதலில் இந்த நிகழ்காலம் எனக்கு ஒரு ஸ்டைலாகத்தான் பட்டது, இப்போது எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள். ஆனால் முடிவு தெரிந்த கதைக்கு இறந்தகாலத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு வாக்கியமும் சாவை நோக்கிச் சாய்ந்துவிடும். நல்ல ஸ்கேன் வந்த நாளில் கூட 'அன்று எங்களுக்குத் தெரியாது' என்ற நிழல் விழும். கூட்ஸ் அந்த நிழலை விழ விடுவதில்லை. நல்ல ஸ்கேன் வந்த நாள், நல்ல ஸ்கேன் வந்த நாள்தான். படிப்பவருக்கு முடிவு தெரியும், வாக்கியத்துக்குத் தெரியாது. மருந்து வாங்கித் தரும் காலத்தின் இலக்கணம் இதுதான் என்று எனக்குப் பட்டது. 2008 இலையுதிர்காலத்திலிருந்து 2011 ஜனவரி வரை சுமார் இருபத்தெட்டு மாதம். ஸ்டுப் ஆய்வின் மொழியில் சொன்னால், இடைநிலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தக் கூடுதல் மாதங்களில் என்ன இருந்தது என்று எந்த வரைபடமும் காட்டாது. கூட்ஸ் காட்டுகிறார்: சண்டை, விருந்து, யாரோ கொண்டுவந்து வைத்த சாப்பாடு, புரியாத வாக்கியத்தை ஊகித்து ஊகித்துப் பிடிக்கிற விளையாட்டு.

குறையும் இருக்கிறது. கூட்ஸுக்கு மருத்துவத்தின் மேல் கோபம் உண்டு, ஆர்வம் இல்லை. மருந்தின் பெயர்கள் வருகின்றன, போகின்றன. அது உள்ளே போய் என்ன செய்கிறது என்பதை அவர் கடைசிவரை எட்டிப் பார்ப்பதில்லை. இவ்வளவு கூர்மையாகப் பொருட்களைப் பார்க்கிற ஒரு சிற்பி, தன் வீட்டு அலமாரியில் இருந்த மிக விசித்திரமான பொருளை மட்டும் பார்க்கவில்லை. உரைநடையும் சில இடங்களில் தன் அழகைத் தானே கேட்டு ரசிக்கிறது.

ஹென்றி மார்ஷின் 'டு நோ ஹார்ம்' பற்றியும் கேட்பீர்கள், இதே 2014இல் வந்து எல்லாரும் படித்தது. லண்டன் மூளை அறுவை மருத்துவரின் நினைவுகள், அத்தியாயங்களுக்குப் பெரும்பாலும் நோய்களின் பெயர்கள். தன் தவறுகளை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார், ஆபரேஷன் செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான முடிவு என்று காட்டியிருக்கிறார். நல்ல புத்தகம். ஆனால் கத்தியின் புத்தகம். தையல் பிரித்ததும் நோயாளி அவர் பார்வையிலிருந்து போய்விடுகிறார். நம்முடையது அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

மருந்துகளின் கதையிலிருந்து இன்னும் ஒன்று, ஏனென்றால் அது எங்கள் வீட்டிலும் நடந்தது. பெவாசிசுமாப், கடைகளில் அவாஸ்டின். கட்டிக்கு ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுப்பது. திரும்ப வந்த கிளியோபிளாஸ்டோமாவுக்கு 2009இல் அமெரிக்காவில் துரித அனுமதி கிடைத்தது. போட்டதும் ஸ்கேன் அழகாகிவிடும். பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது மங்கும், வீக்கம் வற்றும். புதிதாக நோய் கண்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2014இல் வந்தன. நோய் முற்றுவது சில மாதம் தள்ளிப்போனது உண்மை. ஆயுள் நீளவில்லை. ஒன்றில் 16.8 மாதம், மருந்து இல்லாதவர்களுக்கு 16.7. படம் தெளிந்தது, காலம் கூடவில்லை. அதற்காக அதைப் பயனற்றது என்று சொல்லமாட்டேன். வீக்கம் வற்றி, ஸ்டீராய்டைக் குறைத்து, சித்தப்பா ஐந்து வாரம் தானாகச் சட்டைப் பட்டன் போட்டுக்கொண்டார். அந்த ஐந்து வாரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? ஆனால் அந்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் எல்லாரும் குந்தர் ஆகிவிட்டோம் என்பதையும் சொல்லவேண்டும். 'கரைஞ்சிடுச்சாம்' என்று ஊருக்கெல்லாம் போன் போட்டோம். ஆய்வைப் படித்திருந்த ஒரே ஆள் நான். நானும் வாயைத் திறக்கவில்லை.

சித்தப்பா மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்தவர். முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் எண்களை அட்டையில் எழுதியவர். இரண்டாவது சுற்று மாத்திரையின்போது ஒருநாள் என் லேப்டாப்பில் திறந்து கிடந்த ஒரு வரைபடத்தைப் பார்த்துவிட்டார். மூட நினைத்தேன், கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடா இது, படிக்கட்டு மாதிரி?"

சொன்னேன். அவரிடம் பொய் சொல்லி ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் கிடையாது. படி என்றால் என்ன என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விரலை வைத்தார்.

"இந்தக் குச்சி குச்சியா இருக்கே?"

"அது இன்னும் சாகாதவங்க சித்தப்பா. கடைசியா பாத்தப்போ இருந்தாங்க."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். திரையை மூக்குக்கு நெருக்கமாகச் சாய்த்து, விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். பதினேழோ பதினெட்டோ வந்ததும் அடுத்த எண்ணின் பெயர் வரவில்லை. உதடு அசைந்தது. நான் எடுத்துக் கொடுக்கப் போனேன், கையைக் காட்டி நிறுத்தினார். விரலைக் கோட்டின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார்.